ஐந்து தையல் நேரம்

ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் அவரும் பட்டாணியும் சௌக்கியமாக இருக்கிறோம். உன் முதுகு எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் போடுகிறாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பட்டாணிக்குப் படிக்க வரவில்லை, அவ்வளவுதான். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. பேச ஆரம்பித்தால் ஊரையே விற்றுவிட்டு வந்துவிடுவாள். புத்தகத்தைத் திறந்தால் வாய் மூடிக்கொள்கிறது. முதல் எழுத்தைப் பார்க்கிறாள்; மீதியைத் தன் கையிருப்பிலிருந்து போட்டு ஒரு சொல்லைச் செய்துவிடுகிறாள். கண் டாக்டரிடம் காட்டினோம், கண் நன்றாக இருக்கிறது. காது டாக்டரிடம் காட்டினோம், காதும் நன்றாக இருக்கிறது. "அப்பா கூப்பிட்டா மட்டும் காது கேக்க மாட்டேங்குது டாக்டர்" என்றேன். "அது எல்லா வீட்டுலயும் அப்படித்தாம்மா" என்றார்.

வருகிற மார்ச்சில் மூன்று பேர் முன்னால் அவள் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டுமாம். முடியாவிட்டால் மறுபடியும் நான்காம் வகுப்புதான். கூடப் படிக்கிறவர்கள் ஐந்தாம் வகுப்புக்கு மாடிக்குப் போய்விடுவார்கள், இவள் அதே பெஞ்சில் இருப்பாள். நேற்றுக் கேட்டாள்: "அம்மா, புதுசா வர்ற சின்னப் பிள்ளைங்களுக்கு நான் அக்காவா, இல்ல கூடப் படிக்கிறவளா?" துணி மடித்துக்கொண்டிருந்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன்.

பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் ஒரு வாசிப்பு டீச்சர் வருகிறார். "வீட்டுல பெரியவங்க ஏதாவது காரணத்தோட எழுதுறதையும் படிக்கிறதையும் குழந்தை பாக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், துணி ஆல்டர் செய்கிறவள் ஒருத்தி. எழுத்தை வைத்துப் பிழைக்கிற ஆள் குடும்பத்தில் நீ ஒருவன்தான். அதனால் கடிதம். பதில் போடு.

அன்புடன்,
தங்கை


ஜூன் 21

அன்புத் தங்கைக்கு,

கடிதம் வந்தது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். முதுகு அப்படியேதான் இருக்கிறது. நாற்காலியை மாற்றவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தை ஒரு வலிக்காகக் கைவிட முடியாது.

பட்டாணி விஷயத்தில் இனி நீ கவலைப்பட வேண்டாம். நான் இறங்கிவிட்டேன். ஒரு பதிப்பகத்தில் இத்தனை காலம் புரூஃப் பார்த்தவனுக்கு, அதாவது புத்தகம் அச்சாகும் முன் அதிலுள்ள பிழைகளைப் பொறுக்குகிறவனுக்கு, வாசிப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத் தெரியாதா? தினமும் விடிந்ததும் ஒரு மணி நேரம், நிமிர்ந்து உட்கார்ந்து, உரக்கப் படிக்கட்டும். தவறினால் வாக்கியத்தை முதலிலிருந்து. மறுபடி தவறினால் பத்தியை முதலிலிருந்து. படம் உள்ள புத்தகம் வேண்டாம், மூளை சோம்பிவிடும். நான் எட்டாம் வகுப்பில் வரலாற்றுப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை மனப்பாடமாகச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அதெல்லாம் சும்மா வந்துவிடுமா?

எங்கள் பதிப்பகத்தின் சிறுவர் கலைக்களஞ்சியம் ஏழு தொகுதிகளையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஏழிலும் சேர்த்து இரண்டே பிழைகள். இரண்டும் நான் லீவில் இருந்தபோது நடந்தவை.

ஆசிகளுடன்,
அண்ணன்


ஜூலை 10

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். பார்சல்காரருக்குத்தான் தோள்பட்டை பிடித்துக்கொண்டதாம். ஏழு தொகுதிகளுக்கும் நன்றி. மூன்றும் நான்கும் உடனே பயன்பட்டன. அவற்றின் மேல் உட்கார்ந்தால் பட்டாணிக்கு மேசை சரியான உயரத்தில் இருக்கிறது.

நீ சொன்னபடி நான்கு நாள் செய்து பார்த்தோம். ஐந்தாம் நாள் அவளுக்கு வயிற்றுவலி. ஆறாம் நாள் எனக்கு.

பிறகு வாசிப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். "ஒரு மணி நேரம் எதுக்கும்மா? பத்து நிமிஷம் போதும். அவ சிரிச்சிட்டிருக்கும்போதே நிறுத்திடுங்க" என்றார். புத்தகத்தை மூடும்போது இவள் சிரித்துப் பார்த்ததுண்டு, நடுவில் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால் வேறு வழி தேடினேன். கடையிலிருந்து கைத்தையல் வேலையை வீட்டுக்கு எடுத்து வருகிறேன் அல்லவா? ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டு ஊக்கால் குத்தியிருக்கும். "இடுப்பு ஓர் அங்குலம் பிடி." "கை அரை அங்குலம் குறை." "ஜிப் மாற்று." இப்போது சீட்டு படிப்பது அவள் வேலை. அவள் படித்துச் சொன்னால்தான் நான் கத்தரிக்கோலை எடுப்பேன். கையிருப்பிலிருந்து சொல் போட்டால் யாருடைய பேன்டோ அரைக்கால் ஆகிவிடும் என்பது அவளுக்கும் தெரியும். அதனால் கடைசி எழுத்துவரை பார்க்கிறாள்.

ஒரு சொல்லில் அவள் நின்றுவிட்டால் உடனே எடுத்துக் கொடுக்கக் கூடாதாம். "மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க" என்றார் டீச்சர். நான் எண்ணினால் உதடு அசைகிறது, அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே ஐந்து தையல் போடுகிறேன். ஐந்தாம் தையலுக்குள் பாதிச் சொற்கள் தாமாக வந்துவிடுகின்றன. வராததைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போகிறோம்.

சாயங்காலம் ஒரு கதைப் புத்தகம். முதல் நாள் நான் விரலை வைத்துப் படிப்பேன். மறுநாள் சேர்ந்து படிப்போம். மூன்றாம் நாள் அதே பக்கத்தை அவள் மட்டும். "ஒரே பக்கத்தை எதுக்கு மூணு நாளா உருட்டுறீங்க?" என்று அவர் கேட்டார். "நீங்க மட்டும் ஒரே லிஃப்டை மூணு நாளா ரிப்பேர் பண்ணலையாப்பா?" என்றாள் உன் மருமகள்.

முதுகைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஜூலை 27

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். கலைக்களஞ்சியத்தின் மேல் உட்காரும் செய்தியை என் முதலாளியிடம் சொல்லவில்லை. அவருக்கு இதயம் பலவீனம்.

உன் முறைகளைப் படித்தேன். பேன்ட் சீட்டு இலக்கியமாகாது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். பிழையைக் கண்டபின் ஐந்து தையல் நேரம் சும்மா இருப்பது என்பது என் தொழிலில் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பத்தக்க குற்றம். ஆனால் வயிற்றுவலி நின்றுவிட்டது என்று தெரிகிறது. அந்த அளவில் டீச்சரை மதிக்கிறேன்.

ஒன்று செய். பட்டாணியை எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல். அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று ஒரு தொழில்காரன் பார்த்தால்தானே தெரியும்?

அண்ணன்


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தாமதத்துக்குக் காரணம் உள்ளே தனித்தாளில் இருக்கிறது. இந்த ஐந்து வரிக்கு மூன்று வார மாலைகள் ஆயின. நான் ஓர் எழுத்தும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே உட்கார்ந்தாள், அவளாகவே அழித்தாள், அவளாகவே உறைக்குள் போட்டாள். நாவால் தடவி ஒட்டும் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் இந்தத் தாளை ஓரத்து வழியாகத்தான் உள்ளே தள்ளினேன்.

உனக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால், அதில் உள்ளது இதுதான்:

"மாமா நான் பட்டாணி. அம்மா தைக்கிறா. நான் சீட்டு படிக்கிறேன். ஒரு தாத்தா பேன்டுக்கு ரெண்டு பை போதாதாம் மூணாவது பை வேணுமாம். உங்களுக்கு எத்தனை பை?"

தபால்காரர் எப்போது வருவார் என்று இன்றே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

தங்கை


செப்டம்பர் 5

அன்புத் தங்கைக்கு,

கடிதம் நேற்றுத்தான் வந்தது, இன்றே பதில் போடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் அமைச்சர்களின் சுயசரிதைக்குக்கூட இந்த வேகம் கிடையாது.

பட்டாணியின் தாளைத் திருத்தி இணைத்திருக்கிறேன். ஐந்து வரியில் முப்பத்தொரு திருத்தங்கள். குழந்தைதானே என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒரு பேராசிரியருக்குக் கொடுக்கும் மரியாதையை முழுதாகக் கொடுத்திருக்கிறேன். சிவப்பு மையில் ஓரத்தில் உள்ளவை புரூஃப் குறிகள். அவற்றின் பொருளைத் தனித்தாளில் அட்டவணையாகப் போட்டிருக்கிறேன். அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டால் பிறகு எந்தக் கஷ்டமும் இல்லை.

எல்லாவற்றையும் சரிசெய்து மறுபடி எழுதி அனுப்பச் சொல். அவளுக்கு என் முத்தம்.

அண்ணன்


அக்டோபர் 16

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. தபால் துறையில் விசாரித்தேன், வேலைநிறுத்தம் எதுவும் இல்லை என்கிறார்கள். போன் செய்தால் மாப்பிள்ளை எடுக்கிறார். "எல்லாரும் நல்லா இருக்கோம் மச்சான்" என்கிறார். பிறகு லிஃப்டுகளைப் பற்றிப் பேசுகிறார். பன்னிரண்டு நிமிடம் லிஃப்டுகளைப் பற்றிக் கேட்டேன்.

பட்டாணி அட்டவணையை முடித்துவிட்டாளா?

அண்ணன்


நவம்பர் 3

அண்ணனுக்கு,

உடம்புக்கு எல்லோரும் நலம்.

பட்டாணி உன் உறையைத் தானே பிரித்தாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் எழுதினது எங்கம்மா காணோம்?" என்றாள். சிவப்புக்கு அடியில் இருக்கிறது என்றேன். அதை நான்காக மடித்துத் தையல் மிஷின் டிராயருக்குள் போட்டாள், பென்சிலையும் போட்டாள். அதற்குப் பிறகு சீட்டும் படிப்பதில்லை. "எனக்கு அந்த பெஞ்சே போதும்மா, பழகின பெஞ்சு" என்கிறாள். மார்ச்சுக்கு நான்கு மாதம் இருக்கிறது. நான் தினமும் சீட்டை மேசையில் அவள் பக்கமாக வைக்கிறேன். அவள் தினமும் அதை என் பக்கமாகத் தள்ளுகிறாள்.

எத்தனை பை என்று கேட்டிருந்தாள். முப்பத்தொரு திருத்தத்தில் பதில் ஒன்றும் இல்லை.

வரலாற்றுப் புத்தகத்தைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் நினைவிருக்கிறது. நீ எட்டாவது, நான் ஐந்தாவது. உன் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் இன்றைக்கும் எனக்கு வரி பிசகாமல் மனப்பாடம். ஏன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

குளிர் வருகிறது. முதுகுக்கு ஒத்தடம் கொடு.

தங்கை


டிசம்பர் 20

தங்கைக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்துக்கு ஆறு வாரம் ஆயிற்று. பதினொரு தடவை எழுதிக் கிழித்தேன். உள்ளே இருப்பது பட்டாணிக்கு. நீ படிக்காதே. எடுத்துக் கொடுக்காதே. அவளிடம் கொடுத்துவிட்டு உன் வேலையைப் பார்.

அண்ணன்

* 

பட்டாணிக்கு,

மாமா எழுதுகிறேன். சுகமா? இது உனக்கு மட்டும். எத்தனை நாள் ஆனாலும் நீயே படி.

எனக்கு எத்தனை பை என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. உன் முப்பத்தொரு தப்பையும்விட அது பெரிய தப்பு.

என் சட்டைக்கு ஒரு பை. அதில் ஓர் அட்டை. அட்டையில் நீளமாக ஓர் ஓட்டை. அதைப் பக்கத்தின் மேல் வைப்பேன். ஓட்டையில் ஒரு வரிதான் தெரியும். மற்ற வரிகள் தெரியக் கூடாது. தெரிந்தால் எல்லாம் ஓடி வந்து என் மேல் விழும். உன் மேலும் விழுமா?

நான் கவனமாகப் படிக்கிறேன் என்று ஆபீஸில் நினைக்கிறார்கள். கவனம் எல்லாம் இல்லை. எனக்கு வேகமாகப் படிக்க வராது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் போவேன். அதனால் பிழை கண்ணில் படுகிறது. வேகமாகப் படிக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இதற்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

உன் வயதில் எனக்குச் சுத்தமாகப் படிக்க வராது. கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒருத்தி எனக்கு எல்லாப் பாடமும் படித்துக் காட்டினாள். நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தேன். அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள்கூடச் சிரிக்கவில்லை. அவள் யார் என்று நீ கண்டுபிடி. பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறாளா, பார்.

உன் கடிதம் நல்ல கடிதம். அந்தத் தாத்தா மூன்றாவது பையில் என்ன வைப்பார்?

மாமா


ஜனவரி 29

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் மிகவும் நலம். உன் முதுகு?

நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் போவதில்லை. வந்த தாளைப் பட்டாணி மேசைக்கு அடியில் எடுத்துக்கொண்டு போனாள். ஒன்பது நாள் ஆயிற்று. தினமும் பள்ளி விட்டு வந்ததும் மேசைக்கு அடியில் போய்விடுவாள், பத்து நிமிடம் கழித்து வெளியே வருவாள். அவள் அப்பா குனிந்து, "உள்ள என்ன நடக்குது?" என்று கேட்டார். "ஆபீஸ் வேலைப்பா, தொந்தரவு பண்ணாதீங்க" என்று பதில் வந்தது. என்னிடம் கேட்டது ஒரே ஒரு சொல். மற்றதெல்லாம் தெரியாதபடி இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "இது மட்டும் என்னம்மா?" என்றாள். கேடயம் என்றேன். "அவருக்கா?" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் வெளியே வந்தவள், நான் தைப்பதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். ஒன்பது வருடத்தில் இதுவே முதல் தடவை.

அன்றே என் கத்தரிக்கோலை எடுத்து ஏதோ வெட்டினாள். கலைக்களஞ்சியம் ஆறாம் தொகுதிக்கு இப்போது அட்டை இல்லை. பிழை இருந்த தொகுதி அதுதான் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள். அந்த அட்டைத் துண்டைச் சீட்டின் மேல் வைத்துத்தான் இப்போது படிக்கிறாள். மெதுவாகத்தான் போகிறது. அவர் நேற்று லிஃப்ட் கம்பெனியின் விதிமுறைத் தாளைக் கொண்டு வந்து, "இதுல ஒரு வரி படிச்சுச் சொல்லு பாப்போம்" என்றார். அவள் ஒரு வரி படித்துவிட்டு, "இது நல்லாவே இல்லப்பா, வேற கொண்டு வாங்க" என்றாள்.

தாத்தா மூன்றாவது பையில் மற்ற இரண்டு பைகளில் என்ன இருக்கிறது என்று எழுதிய சீட்டு வைப்பாராம். உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

தங்கை


பிப்ரவரி 18

அன்புத் தங்கைக்கு,

நலம். நாற்காலியை மாற்றிவிட்டேன்.

மார்ச்சில் அவள் படிப்பது பற்றி என்னிடம் அறிவுரை எதுவும் இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதியதாக வேறு எங்கும் பதிவு கிடையாது. பத்திரப்படுத்தி வை.

இங்கே என்னைச் சுற்றி வாசிப்பைப் பற்றிப் பேசிப் பெயர் வாங்கியவர்கள் பலர். மேடையில் ஏறினால் இறங்க மாட்டார்கள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு ஒரு குழந்தை ஒரு சொல்லுக்கு வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்த ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவளை ஒரு மேடையிலும் பார்த்ததில்லை. அவள் இந்த வேலையைத் தன் எட்டாவது வயதிலேயே ஆரம்பித்துவிட்டாள் என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். மேற்கொண்டு எழுதினால் புரூஃப் பார்க்கக் கண் தெளிவாக இருக்காது.

அண்ணன்


மார்ச் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இரு. நேற்று முடிந்துவிட்டது.

உள்ளே தலைமை ஆசிரியை, வகுப்பு டீச்சர், வெளியிலிருந்து வந்த ஓர் அதிகாரி. அதிகாரியின் கையில் நேரம் பார்க்கிற கடிகாரம். நானும் வாசிப்பு டீச்சரும் வராந்தாவில் நின்றோம். கதவு திறந்திருந்தது. பட்டாணியின் அப்பா லீவு போட்டுவிட்டு வந்தவர், பார்க்கத் தைரியம் இல்லாமல் பள்ளி லிஃப்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

பதினாறு வரி. கொடுத்த நேரம் ஐந்து நிமிடம். ஒரு படகோட்டியும் அவருடைய நாயும் ஆற்றைக் கடக்கிற கதை. நடு ஆற்றில் நாய் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. அவள் அட்டையை வைத்து, விரலை வைத்து, ஒவ்வொன்றாகப் போனாள். எங்கேயும் கையிருப்பிலிருந்து எடுத்துப் போடவில்லை. ஒன்பதாம் வரியில் அதிகாரி, "போதும்மா. டைம் ஆச்சு" என்றார்.

பட்டாணி நிமிரவே இல்லை. "உங்களுக்கு ஆச்சு சார். நாய் இன்னும் தண்ணியிலதானே இருக்கு?" என்றாள். பத்தாம் வரிக்குப் போய்விட்டாள்.

வாசிப்பு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி தலைமை ஆசிரியையைப் பார்த்தார், அவர் வகுப்பு டீச்சரைப் பார்த்தார், வகுப்பு டீச்சர் பட்டாணியைப் பார்த்தார். பிறகு அதிகாரி கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடைவேளை மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மொத்தம் பதினாலு நிமிடம்.

அவர்களுடைய தாளில் தேறியது, தேறவில்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்ததாம். மூன்று பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் தலைமை ஆசிரியை இரண்டு கட்டத்துக்கும் கீழே கையால் எழுதினார்: "ஐந்தாம் வகுப்புக்குப் போகலாம். படிக்கக் கூடுதல் நேரம் கொடுக்கவும்." மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆனால் அண்ணா, உன் மருமகள் வெளியே வரும்போது கண் நிறைய அழுகை. போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். ஏன் அழுதாய் என்று கேட்டால் சொல்லவில்லை. மாமாவுக்கு எழுதுகிறேன் என்று பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். எழுதியதை இதற்குள் வைத்திருக்கிறேன். நான் பார்க்கவில்லை.

தங்கை

*

மாமாவுக்கு,

நான் பட்டாணி. நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?

நான் பாஸ். ஆனா ஒரு பக்கம்தான் குடுத்தாங்க. கடைசி வரியில நாய் நீந்துது. திருப்பிப் பாத்தா பின்னாடி வெள்ளைத்தாள். அந்த சார்கிட்ட கேட்டேன். அவருக்கும் தெரியல. அவரும் அந்தப் பக்கம்தான் படிச்சாராம்.

நீங்க புத்தக ஆபீஸ்லதானே இருக்கீங்க. அடுத்த பக்கம் எங்கேன்னு கேட்டு அனுப்புங்க. நானே படிச்சுக்குவேன். யாரையாவது படிச்சுச் சொல்லச் சொல்லாதீங்க.

சீக்கிரம் மாமா. தண்ணி ஆழம்னு போட்டிருக்கு.

பட்டாணி